ரஇய்யத்தும் ரயத்துவாரியும்: பாராமகாலை ஆராய்ந்த ஒரு பேராசிரியர்

தருமபுரி மாவட்டத்தில் நிலத்தைப் பற்றிப் பேசப் புகும் எவரும் அரபுச் சொற்களின் துணையின்றிப் பேசுதல் அரிது. தாலுகா, தாசில், ஜமாபந்தி, வசூல், பாக்கி, கிஸ்தி, பசலி என வருவாய்த்துறைக் கோப்புகளில் நிறைந்திருக்கும் சொற்கள் அரபியில் பிறந்து, பாரசீகத்தின் வழியே தக்காணத்தைக் கடந்து, நம் உழவர்தம் நாவில் குடியேறியவை. அப்பகுதிக்கு முன்பு வழங்கிய ‘பாராமகால்’ என்னும் பெயரே இந்துஸ்தானி எண்ணுப்பெயரும் அரபுச் சொல்லும் இணைந்து உருவானது. பன்னிரு கோட்டைகளைச் சுட்டுவது என்பர். சங்க காலத்தில் தகடூர் எனப் பெயர் பெற்று, அதியமான் ஆண்ட நிலம் அது.

இச்சொற்களுள் ஒன்று தனித்து எண்ணத்தக்கது. அது ‘ரயத்’ என்பதாகும். இதன் மூலம் ‘ரஇய்யத்’ என்னும் அரபுச் சொல். மேய்ப்பவனின் காவலில் ஒப்படைக்கப்பட்ட மந்தை என்பது அதன் முதற்பொருள். ஆள்பவரின் பொறுப்பில் உள்ள மக்கள் என்பது அதிலிருந்து விரிந்த பொருள். ஆட்சியாளர் முதல் இல்லத்துப் பணியாளர் வரை ஒவ்வொருவரும் தத்தம் பொறுப்பில் உள்ளோர் குறித்து மறுமையில் வினவப்படுவர் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய ஹதீஸில் இச்சொல்லே ஆளப்பட்டுள்ளது. அச்சொல்லைத் தாங்கிய ‘ரயத்துவாரி’ என்னும் நிலவரி முறை, இன்றைக்கு இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் தருமபுரி மண்ணில் உருப்பெற்றது. சொல் வந்தது, அதனுள் உறைந்த பொறுப்பும் உடன் வந்ததா என்பதே நம் முன் உள்ள வினா.

மதிப்பீடுகளை ஆராய்ந்த வாழ்க்கை

ஒரு சமுதாயம் எவற்றை உயர்ந்தனவாகக் கொள்கிறதோ அவை அதன் அரசியலை எவ்வாறு வடிவமைக்கின்றன என்னும் ஆராய்ச்சி நமக்குப் புதிதன்று. அல்லாமா இப்னு கல்தூன் (ரஹ்) 1377ஆம் ஆண்டு எழுதிய ‘முகத்திமா’வில், குழுவுணர்வாகிய அஸபிய்யத், சமயப் பற்று, வாழ்க்கைப் பழக்கங்கள் ஆகியவை அரசுகளின் எழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் காரணமாவதை விரிவாக ஆராய்ந்தார். இருபதாம் நூற்றாண்டில் அதனையொத்த வினாவைத் தென்னிந்தியாவின்பால் திருப்பியவர்களுள் பர்ட்டன் ஸ்டைன் குறிப்பிடத்தக்கவர்.

அமெரிக்கராகிய ஸ்டைன் 1926இல் பிறந்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் திருப்பதிக் கோயிலின் பொருளியலை ஆராய்ந்து 1958இல் முனைவர் பட்டம் பெற்றார். மின்னசோட்டா, ஹவாய்ப் பல்கலைக்கழகங்களில் பணியாற்றிய பின், இலண்டனில் தங்கி ஆய்வைத் தொடர்ந்து, 1996இல் மறைந்தார். கோயிலுக்கு அளிக்கப்பெற்ற கொடை வெறும் பக்திச் செயலாக நின்றுவிடவில்லை. அது ஏரிகளை வெட்டியது, நிலங்களை வளப்படுத்தியது, கொடுத்தவருக்கு அரசியல் மதிப்பையும் ஈட்டித் தந்தது என்பதே அவரது தொடக்கக்கால ஆய்வின் சாரம்.

1980இல் வெளிவந்த இடைக்காலத் தென்னிந்தியாவில் உழவர் அரசும் சமுதாயமும் பற்றிய பெருநூலில், சோழப் பேரரசை இறுக்கமான அதிகார வர்க்கத்தால் ஆளப்பட்ட அரசாகக் கொள்ளுதல் பொருந்தாது என அவர் வாதிட்டார். ஆப்பிரிக்காவின் ஆலூர் மக்களை ஆராய்ந்த எய்டன் சவுத்தாலிடமிருந்து ‘கூறாக்க அரசு’ என்னும் கருத்தைக் கடன் பெற்று, நாடுகள் தம்மளவில் தன்னாட்சி பெற்றிருந்தன எனவும், மன்னரின் மேலாண்மை பெரிதும் சடங்கு சார்ந்தது எனவும் கூறினார். ஆட்சியைத் தாங்கி நின்றது படையைவிட, மக்கள் ஏற்றுக்கொண்ட மதிப்பீடே என்பது இதன் கருத்து. சோழர் கல்வெட்டுகளில் வரிகளும் அலுவலர்களும் மிகுதியாகக் குறிக்கப்படுவதை எடுத்துக்காட்டி, நொபோரு கராஷிமா, எ. சுப்பராயலு, ஆர். சம்பகலட்சுமி முதலிய அறிஞர்கள் இதனைக் கடுமையாக மறுத்தனர். ஸ்டைனும் தம் கருத்துகளைப் பின்னாளில் ஓரளவு திருத்திக்கொண்டார். மறுப்பினைச் செவிமடுத்துத் திருந்துதல் அறிவுலகின் அதபு அன்றோ!

பாராமகாலில் நிகழ்ந்தது

ஸ்டைனின் பிற்கால நூல்களுள் ஒன்று 1989இல் வெளிவந்த தாமஸ் மன்றோவின் வரலாறு. அதன் வேர் தருமபுரியில் உள்ளது.

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792 மார்ச்சில் செய்துகொள்ளப்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தான் தம் ஆட்சிப்பரப்பில் ஏறத்தாழப் பாதியை எதிரணியினரிடம் இழந்தார். பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிட்டின. அவற்றை நிர்வகிக்கக் கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், உதவியாளர்களாக மன்றோ, மக்லியாட், கிரஹாம் ஆகிய மூவரும் அமர்த்தப்பட்டனர். நால்வருமே படை அலுவலர்கள். கம்பெனியின் சிவில் அலுவலர்களுக்கு நாட்டு மொழிகள் தெரியாமையே இந்நியமனத்திற்கு ஒரு காரணமாயிற்று. கிளாஸ்கோவில் பிறந்து, அப்போது முப்பது வயதைத் தாண்டியிருந்த மன்றோ, பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றவர். 1799 வரை பாராமகாலில் பணியாற்றிய அவர், தருமபுரியில் தாம் வளர்த்த தோட்டத்தைப் பிரிய நேர்ந்தபோது வருந்திக் கடிதம் எழுதினார்.

அடுத்த ஆண்டாகிய 1793இல் வங்காளத்தில் காரன்வாலிஸ் பிரபு நிலையான நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தார். ஜமீன்தாரை நிலத்தின் உடைமையாளராக்கி, அவர் கட்ட வேண்டிய தொகையை என்றென்றைக்கும் வரையறுத்தது அத்திட்டம். அதன் பின்னணியில் வங்காளத்தின் நிலைமையினும் ஐரோப்பியப் பொருளியல் சிந்தனையே மிகுந்து நின்றது என்பதை, 2023இல் மறைந்த வரலாற்றறிஞர் ரணஜித் குஹா தம் 1963ஆம் ஆண்டு நூலில் நிறுவினார். தனியுடைமை இருந்தால் முன்னேற்றம் தானே வரும் என்னும் நம்பிக்கை, ஓர் அயல்நாட்டு உழவரின் தலைமேல் சட்டமாக இறங்கியது.

பாராமகாலில் நிலை வேறு. ரீடும் அவர்தம் உதவியாளர்களும் ஊர் ஊராகச் சென்று நிலங்களை அளந்து, தரம் பிரித்து, உழவரிடமே நேரில் வரி கேட்டனர். முதலில் பல்லாண்டுக் குத்தகையை எண்ணிய ரீடு, 1796இல் உழவர் ஆண்டுதோறும் தாம் விரும்பிய நிலத்தை ஏற்கவும் விடவும் உரிமை உண்டென அறிவித்தார். ரயத்துவாரியின் கரு இதுவே. எனினும் 1802 முதல் வங்காள முறையைப் பின்பற்றி இப்பகுதி ‘மிட்டா’க்களாகப் பிரிக்கப்பட்டு ஏலம் விடப்பட்டது. மிட்டாதாரர் பலர் தொகை கட்ட இயலாது வீழ்ந்தனர். மன்றோ சென்னையின் கவர்னராகப் பொறுப்பேற்ற 1820இல் ரயத்துவாரியே மாகாணத்தின் பொதுக் கொள்கையாயிற்று.

ஸ்டைன் கண்டது

ரயத்துவாரி இந்நாட்டின் தொன்மையான வழக்கமே என்பது மன்றோவின் வாதம். இதனை ஸ்டைன் அப்படியே ஏற்கவில்லை. பாளையக்காரர் முதலிய இடைநிலைத் தலைவர்களை விலக்கி, அரசு உழவரிடமிருந்து நேரடியாக வரி பெறும் முறையை அண்மையில் வலுவாக நடத்தியவர்கள் ஹைதர் அலியும் திப்பு சுல்தானுமே. நிலையான பெரும்படைக்கு இடைவிடாத வருவாய் வேண்டும். அதற்கு இடைத்தரகர் இருத்தலாகாது. இதனைப் ‘படைசார் வருவாய்முறை’ என ஸ்டைன் பெயரிட்டார். திப்புவை வென்றவர்கள், திப்புவின் ஆட்சிக் கருவியையே கைக்கொண்டனர் என்பது இதனால் பெறப்படும். பழைமையின் பெயரால் அது முன்வைக்கப்பட்டமை, கம்பெனியின் இறையாண்மைக்குப் போட்டியாக உள்ளூர்த் தலைமைகள் எழாமல் தடுப்பதற்கான அரசியல் நோக்கத்துக்கு உதவிற்று.

திப்புவின் வருவாய் விதிகள் பாரசீகத்திலிருந்து பெயர்க்கப்பட்டு 1792இல் கல்கத்தாவில் அச்சாயின. தரிசை உழவுக்குக் கொணர்வோருக்கு வரிச்சலுகை, ஏர் வாங்க வசதியற்ற ஏழை உழவருக்குத் ‘தக்காவி’ முன்பணம் ஆகியவை அவற்றுள் காணப்படுகின்றன. ஆயினும் போர்ச்செலவும், தோல்விக்குப்பின் கட்ட நேர்ந்த மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாய் இழப்பீடும் குடிகளின் தலையிலேயே விழுந்தன. திப்புவைக் குறையற்ற மகானாக வரைவதும், வெறியராகப் பழிப்பதும் ஒருங்கே வரலாற்றுக்கு ஒவ்வாதவை.

சொல்லின் உள்ளே இருந்த அறம்

ஸ்டைனின் நூல் மன்றோவின் உள்ளத்தையும், அவர் காலத்து பிரிட்டிஷ் அரசியலையும் மையமாகக் கொண்டது. மன்றோ கையாண்ட சொற்களுக்கும் நெடிய அறவரலாறு உண்டு என்பதை அதனுடன் சேர்த்துக் காண்பது அரபு கற்றோராகிய நமது கடமை.

ஈராக்கின் ஸவாத் நிலங்களைப் படைவீரருக்குப் பங்கிட மறுத்து, உழவரிடமே விட்டு, அவற்றின்மீது கராஜ் விதித்தவர் கலீஃபா உமர் (ரலி) அவர்கள். வருந்தலைமுறையினருக்கும் அதில் உரிமை உண்டென்பது அவர்கள் காட்டிய காரணம். கலீஃபா ஹாரூன் ரஷீதின் வேண்டுகோளுக்கிணங்க இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ இவ்வழக்கை விரிவாக விளக்குகிறது. வரி வசூலை ஏலதாரரிடம் ஒப்படைக்கும் ‘கபாலா’ முறையை இமாமவர்கள் வன்மையாகக் கண்டித்தார்கள். தான் கட்டிய தொகைக்குமேல் இலாபம் தேடுபவன் குடிகளை வதைப்பான். நிலமும் பாழாகும் என்பது அவர்களது எச்சரிக்கை. விளைச்சல் எதுவாயினும் மாறாத வரியைவிட, விளைந்ததில் பங்கு பெறும் ‘முகாஸமா’ முறையையே அவர்கள் பரிந்துரைத்தார்கள்.

கி.பி. 798இல் மறைந்த இமாமின் இக்கருத்துகளைப் பாராமகாலின் வரலாற்றோடு பொருத்திப் பார்த்தால் உண்மை ஒன்று விளங்கும். கபாலாவின் தீமை குறித்து அவர்கள் எச்சரித்தது மிட்டாக்களின் வீழ்ச்சியில் மீண்டும் மெய்யாயிற்று. மன்றோவும் இடைத்தரகரை மறுத்தார். அவ்வளவில் இருவரும் ஒரு திசையையே நோக்கினர். ஆனால் ரயத்துவாரி விதித்தது பணமாகக் கட்டவேண்டிய வரி. பருவமழையை நம்பி வாழும் தருமபுரியின் புன்செய் நிலத்தில் மழை பொய்த்தால், வரித்தள்ளுபடி என்பது உழவரின் உரிமையன்று, அதிகாரியின் கருணையாயிற்று. விதிக்கப்பட்ட வரி மிகையானது என்பதை மன்றோவே உணர்ந்திருந்தார். பிற்காலத்தில் தாம் ஆண்ட, இன்று இராயலசீமை எனப்படும் பகுதிக்கு, வரியில் நான்கில் ஒரு பங்கைக் குறைக்குமாறு 1807இல் அவர் பரிந்துரைத்தார். உடனே அது நிறைவேறவில்லை. 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம், தருமபுரியை உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. 1871க்கும் 1881க்கும் இடையே அம்மாவட்டத்தின் மக்கள்தொகையே குறைந்தது. பஞ்சத்துக்கு வானமே முதற்காரணம் என்பது மெய். எனினும் சேமிப்பின்றி நின்ற உழவரின் நிலைக்கு வரிமுறை பொறுப்பேற்காமல் இருக்க இயலாது.

அபூ யூசுஃப் (ரஹ்) அவர்களின் நூலில் ஆள்பவர், ரஇய்யத்துக்காக இறைவனிடம் கணக்குக் கொடுக்க வேண்டியவர். கம்பெனியின் கலெக்டரோ இலண்டனில் இருந்த இயக்குநர்களுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர். சொல் ஒன்றே, கணக்குக் கேட்கும் இடம் மாறிற்று. மதிப்பீடு மாறிய நிலையில், நல்லெண்ணம் கொண்ட அதிகாரி வகுத்த கொள்கையும் குடிகளுக்குச் சுமையாவதை இங்கே காண்கிறோம். முஸ்லிம் மன்னர்கள் அனைவரும் இமாமின் அறிவுரைப்படி நடந்தனர் என்று கூற நாம் துணியோம். கபாலா அவர்களது ஆட்சிகளிலும் தழைத்தது. ஆயினும் அவர்களை நிறுத்தி வினவுவதற்கு ஓர் அளவுகோல் அச்சமுதாயத்தின் நூல்களிலேயே இருந்தது. ஒரு பண்பாட்டின் வலிமை அதன் மன்னர்களால் மட்டும் அளக்கப்படுவதன்று. அம்மன்னர்களை நோக்கி அதன் அறிஞர்கள் எழுப்பிய வினாக்களாலும் அளக்கப்படுவது.

ஸ்டைன் திருப்பதிக் கல்வெட்டில் தொடங்கி மன்றோவின் கோப்புகள் வரை சென்றது ஒரே வினாவைத் துரத்தியே. அவ்வினாவைத் தொடர நம்மவரிடம் வேறொரு கருவி இருக்கிறது. பள்ளிவாசல்களிலும் தர்காக்களிலும் பழைய குடும்பங்களின் பெட்டகங்களிலும் உறங்கும் இனாம் பத்திரங்களும் பாரசீக சனதுகளும் படிப்பாரற்றுச் செல்லரிக்கின்றன. அரபுக் கல்லூரி மாணவர் ஒருவர், பாரசீக எழுத்தையும் வருவாய்க் கணக்கையும் ஒருங்கே கற்றுத் தருமபுரியின் ஒரு சிற்றூரைப் பற்றியேனும் எழுதுவாராயின், கம்பெனி அதிகாரிகளின் கோப்பில் பேசாதிருந்த ரயத்தின் குரல் சிறிதேனும் கேட்கக்கூடும். அக்குரலை மீட்பதும் நம் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே ஆகும்.