முன்னேர் டக்கோட்டா

2024 அக்டோபர் 6-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. சென்னை மெரினாவில் விமானப்படையின் 92-ஆம் ஆண்டு விழா சாகச நிகழ்ச்சி. கல்லூரியில் படிக்கும் பேரன் நண்பர்களோடு கடற்கரைக்குப் போயிருந்தான். நான் தருமபுரியில் வீட்டுத் திண்ணைக்கும் டிவிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அன்றைய வெயிலிலும் நெரிசலிலும் 5 பேர் இறந்துபோனார்கள் என்று மாலையில் செய்தி வந்தபோது, அவன் போன் வரும்வரை எனக்கு உயிர் கையில் இல்லை.

ராத்திரி பேசினான். "தாத்தா, ரஃபேல் போறப்ப காது அடைச்சுப்போச்சு. நடுவுல ஒரு பழைய பிளேன் ஊர்ந்துகிட்டுப் போச்சு. அத எதுக்கு வுட்டாங்க?"

அந்தப் பழைய பிளேன் டக்கோட்டா. போனில் சொல்ல முடிந்ததைச் சொன்னேன். சொல்லாமல் விட்டது இங்கே.

டக்கோட்டாவின் மூல வடிவமான டி.சி.-3 அமெரிக்காவில் முதன்முதலில் பறந்தது 1935 டிசம்பர் 17-ல். இரண்டு எஞ்சின், வாலில் ஒரு சின்னச் சக்கரம். தரையில் நிற்கும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். இரண்டாம் உலகப்போரில் ஆயிரக்கணக்கில் செய்தார்கள். போர் முடிந்ததும் நம் நாட்டில் விமானப்படையிலும் பயணிகள் சேவையிலும் அதுதான் மாட்டுவண்டி மாதிரி எல்லாச் சுமையும் இழுத்தது. என் வயதுக்காரர்களுக்குப் பெயராவது நினைவிருக்கும்.

1947 அக்டோபர் 27 காலையில் டெல்லியிலிருந்து சீக்கிய ரெஜிமென்டின் முதல் பட்டாலியனை ஏற்றிக்கொண்டு டக்கோட்டாக்கள் ஸ்ரீநகருக்குப் பறந்தன. ஸ்ரீநகர் தளம் யார் கையில் இருக்கிறது என்பதே நிச்சயமில்லை. மேலே வட்டமடித்துப் பார், சந்தேகமாக இருந்தால் ஜம்முவுக்குத் திரும்பிவிடு என்றுதான் உத்தரவு. முதலில் இறங்கியது 12-ஆவது ஸ்குவாட்ரனின் விங் கமாண்டர் கே.எல். பாட்டியா ஓட்டிய வி.பி. 905 என்ற எண்ணுள்ள விமானம். அந்தப் பட்டாலியனை நடத்திச் சென்ற லெப்டினன்ட் கர்னல் ரஞ்சித் ராய் அன்றே பாரமுல்லா பக்கச் சண்டையில் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு மே மாதம் ஏர் கமடோர் மெஹர் சிங், ஜெனரல் திம்மையாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, 11,000 அடிக்கும் மேலே இருக்கிற லே நகரத்தில் இதே டக்கோட்டாவை இறக்கினார். சரியான வரைபடம்கூட இல்லாத மலைப்பாதை.

மெரினாவில் பறந்தது அதே வி.பி. 905 அல்ல. அந்த எண்ணைப் பூசிக்கொண்ட அதன் உடன்பிறப்பு. 1944-ல் செய்தது; பழைய இரும்பாகப் போக வேண்டியதை ராஜீவ் சந்திரசேகர் விலைக்கு வாங்கிப் பழுது பார்த்து விமானப்படைக்குக் கொடுத்தார். அவர் தந்தை ஏர் கமடோர் எம்.கே. சந்திரசேகர் டக்கோட்டா ஓட்டியவர். 2018 ஏப்ரலில் கவென்ட்ரியிலிருந்து புறப்பட்டு, ஐரோப்பா, அரபு நாடுகள் என்று வழிநெடுக இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு, தானே பறந்து இந்தியா வந்து சேர்ந்தது. கப்பலில் ஏற்றி அனுப்பவில்லை என்பதில் எனக்கு ஒரு திருப்தி. பரசுராமா என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சரி, பேரன் கேட்ட 'ஊர்வது' விஷயத்துக்கு வருகிறேன். டக்கோட்டா நிதானமாகப் பறக்கும் வேகம் மணிக்கு 260 கிலோமீட்டர் அளவுதான். எந்த விமானத்துக்கும் ஒரு குறைந்தபட்ச வேகம் உண்டு. அதற்குக் கீழே போனால் இறக்கை தாங்காது, பொத்தென்று விழும். ஜெட் போர் விமானத்தால் டக்கோட்டாவின் வேகத்தில் நிம்மதியாகக் கூடப் போக முடியாது. அதனால்தான் 2021 குடியரசு தின அணிவகுப்பில் 'ருத்ரா' என்ற அணியில் டக்கோட்டாவுக்கு இரண்டு பக்கமும் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர்களை வைத்தார்கள். 2022-ல் 'டங்காயில்' அணியில் இரண்டு டோர்னியர்கள். 1971 டிசம்பர் 11-ல் கிழக்கு வங்கத்தில் டங்காயில் என்ற ஊருக்குப் பக்கத்தில் நம் பாராசூட் வீரர்கள் குதித்ததன் நினைவு அது. அன்று வீரர்களைச் சுமந்த விமானங்களில் டக்கோட்டாவும் உண்டு. இரண்டு ஆண்டும் கிழம் முன்னால் போனது, இளசுகள் அதன் நடைக்குத் தங்கள் நடையைக் குறைத்துக்கொண்டு கூடவே வந்தன.

முன்னேர் போன வழியே பின்னேர் என்று நம் காட்டில் சொல்வோமே, கூட்டாகப் பறப்பதன் முதல் பாடமே அதுதான். பயிற்சி விமானி தனியாக ஓட்டக் கற்று, கரணம் போடக் கற்ற பிறகுதான் இதற்கு வருகிறார். பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, முதலில் எட்ட நின்று பழக வேண்டும். முன்னே போகிற விமானத்தில் இரண்டு அடையாளங்களைப் பிடித்துக்கொள்வார்: இறக்கை நுனி விளக்கு, உடம்பில் இருக்கிற வட்ட முத்திரை என்று ஏதோ இரண்டு. அவை இரண்டும் கண்ணுக்கு ஒரே கோட்டில் இருக்கிறவரை தன் இடம் சரி. கோடு கலைந்தால் இடம் தவறிவிட்டது. புதிதாகக் கற்பவர் செய்கிற தவறு எப்போதும் ஒன்றுதான். பின்தங்கினால் பயந்துபோய் வேகத்தைக் கூட்டுவார், தலைவரைத் தாண்டிப் பாய்ந்துவிடுவார், பிறகு சட்டென்று குறைத்துப் பழையபடி பின்தங்குவார். மொபெட் கற்றுக்கொண்டபோது நான் செய்ததும் அதுவேதான். தேறியவரின் கை ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும், ஆனால் ஒவ்வொரு அசைவும் நூலளவு.

திரும்பும்போதுதான் சிக்கல். களத்தில் மாடுகளைப் பிணைத்துத் தாம்பு ஓட்டிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உள்ளே நிற்கிற மாடு நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பும், வெளிமாடு ஓட வேண்டும். வானத்திலும் அப்படித்தான். வெளிப்பக்கத்து விமானி வேகம் கூட்டி மேலே ஏற வேண்டும், உள்பக்கத்தவர் குறைத்துக் கீழே இறங்க வேண்டும். மாடுகளைக் கயிறு பிணைத்திருக்கும். இங்கே பார்வை ஒன்றுதான் கயிறு. தலைவர் கண்ணிலிருந்து மறைந்தால் தேடக் கூடாது, உடனே விலகிவிட வேண்டும் என்பது விதி.

இது வேடிக்கைக்காகப் பிறந்த கலை அல்ல. முதல் உலகப்போரில் தனியாகப் போனவர்களைப் பின்னாலிருந்து சுட்டார்கள். ஒருவர் முதுகை இன்னொருவர் காக்கக் கூட்டமாகப் பறந்தார்கள். பிறகு ஆங்கிலேயர்கள் மூன்று மூன்றாக அம்புமுனை வடிவில் ஒட்டிப் பறந்தார்கள். பார்க்க அழகுதான், ஆனால் பக்கத்தில் போகிற இரண்டு பேரும் மோதாமல் இருக்கத் தலைவரையே பார்த்துக்கொண்டிருந்ததால், எதிரி வருவதைப் பார்க்க ஆளில்லை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஜெர்மானியரான மோல்டர்ஸ் வகுத்தது வேறு: நான்கு விரலை நீட்டி நுனிகளைப் பாருங்கள், அப்படி நான்கு விமானம், நடுவில் நல்ல இடைவெளி. 1940-ல் அடிபட்ட பிறகுதான் ஆங்கிலேயர்கள் அதற்கு மாறினார்கள். நெருக்கிப் பறப்பது அதன்பின் பெரும்பாலும் அணிவகுப்புக்கும் மேகத்துக்குள் பிரியாமல் போவதற்கும் என்றாயிற்று.

முன்னேரையே நம்பிப் போவதில் பயங்கரமும் உண்டு. 1982 ஜனவரி 18-ல் அமெரிக்க விமானப்படையின் தண்டர்பேர்ட்ஸ் சாகசக் குழு நெவாடா பாலைவனத்தில் ஒத்திகை பார்த்தது. நான்கு விமானம் ஒன்றாகக் கரணம் போட்டு இறங்கும்போது தலைவரின் விமானத்தில் கோளாறு, தூக்க முடியவில்லை. மற்ற மூவரின் கண்ணும் அவர்மேல்தான். நான்கும் ஒன்றாகத் தரையில் மோதின. நால்வரும் போனார்கள். படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நமக்குப் பக்கத்திலேயே நடந்ததும் ஒன்று. 1996-ல் பீதரில் தொடங்கிய சூர்யகிரண் குழுவை பெங்களூரு எலஹங்கா கண்காட்சியில் பார்த்திருப்பீர்கள். தருமபுரியிலிருந்து காலை வண்டி பிடித்தால் போய்விடலாம். 5 மீட்டருக்கும் குறைவான இடைவெளியில் பறப்பவர்கள். 2019 பிப்ரவரி 19, கண்காட்சி தொடங்குவதற்கு முந்தின நாள் ஒத்திகையில் இரண்டு ஹாக் விமானங்கள் மோதிக்கொண்டன. இருவர் குதித்துத் தப்பினார்கள். விங் கமாண்டர் சாஹில் காந்தி இறந்தார். சாகசம் என்று கைதட்டும்போது எனக்கு அந்தப் பெயர் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

இதைக் கற்றுக்கொடுப்பவர்களை உருவாக்குகிற பள்ளி நம் தாம்பரத்தில்தான் இருக்கிறது. 1948-ல் அம்பாலாவில் தொடங்கி, 1954-ல் இங்கே வந்தது. ஓட்டத் தெரிந்தவருக்கு, ஓட்டக் கற்றுத்தரச் சொல்லித்தருகிறார்கள். வாத்தியாருக்கு வாத்தியார். கைக்குக் கட்டுப்பாட்டை விட்டுக்கொடுத்துவிட்டு, பையன் தப்பு செய்வதை எதுவரை பொறுத்துக்கொள்வது, எந்த நொடியில் வாங்கிக்கொள்வது என்பதுதான் அங்கே பெரிய பாடமாக இருக்க வேண்டும். கரும்பலகைக்கு முன்னால் தப்பு நடந்தால் டஸ்டரால் துடைத்துவிடலாம்.

இத்தனையும் கேட்டுவிட்டுப் பேரன் ஒன்று கேட்டான். "அப்ப ஓரத்துல போறவருக்குக் கீழ மெரினா, ஜனங்க எதுவும் தெரியாதா தாத்தா?"

தெரியாதுடா என்றேன். அத்தனை லட்சம் பேர் அவரை அண்ணாந்து பார்த்தீர்கள், அவர் பக்கத்து விமானத்தின் இறக்கை விளக்கைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.