ஒரே சரக்குக்கு இருமுறை பணம்

பார்க்கிங் பற்றிப் பேசாமல் நம் சங்கக் கூட்டம் ஒன்றுகூட முடிந்ததில்லை. அமெரிக்காவின் சிகாகோ நகரில் மெரினா சிட்டி என்று ஓர் இரட்டைக் கோபுரக் குடியிருப்பு இருக்கிறது. சோளக்கதிரை நிமிர்த்தி வைத்ததுபோல ஒவ்வொன்றும் 65 மாடி. அதில் கீழே 19 மாடிகள் கார் நிறுத்துவதற்கே! பொறாமைப்படாதீர்கள். நான் சொல்ல வந்தது அந்தக் கோபுரங்களை அட்டையில் போட்டு வந்த ஓர் இசை ஆல்பத்தின் கதை.

சிகாகோவைச் சேர்ந்த வில்கோ என்ற ராக் இசைக்குழுவின் 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்' அது. பெயரைக் கண்டு மிரள வேண்டாம். போனில் நாம் 'எம் ஃபார் மெட்ராஸ்' என்போமே, அதுபோல ஒய், ஹெச், எஃப் எழுத்துகளுக்கு வானொலித் தொடர்பில் சொல்லும் சொற்கள்தான் இவை.

இனிமையான கிடார் பாட்டுகள்தான். ஆனால் நடுநடுவே ரேடியோ இரைச்சல், விநோத ஒலிகள். பதிவுக்குப் பணம் போட்டது வார்னர் குழுமத்தின் ரீப்ரைஸ் நிறுவனம். 2001-ல் கேட்டுப் பார்த்தவர்களுக்குத் திருப்தியில்லை. மாற்றச் சொன்னார்கள். குழு மறுத்தது. கடைசியில் ஒப்பந்தத்தை முறித்து, பாடல்களின் உரிமையையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அப்போது குழு ஒரு காரியம் செய்தது. செப்டம்பர் 2001-ல் முழு ஆல்பத்தையும் தன் இணையதளத்தில் இலவசமாகக் கேட்க வைத்தது. இணையத்தில் பாட்டு ஓசியில் கிடைக்கிறதே என்று இசை நிறுவனங்கள் நாப்ஸ்டர் மீது வழக்குப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் அந்த ஆண்டு கச்சேரிகளில், கடைக்கே வராத பாடல்களை ரசிகர்கள் கூடவே பாடினார்கள்.

பிறகு நான்சச் என்ற நிறுவனம் ஆல்பத்தை வாங்கியது. அதுவும் வார்னர் குழுமம்தான்! ஒரு கிளையில் வாராக்கடன் என்று தள்ளுபடி செய்ததை, அதே வங்கியின் இன்னொரு கிளை காசு கொடுத்து வாங்கினால் எப்படி இருக்கும்? எந்த ஆடிட்டரும் சும்மா விடமாட்டார்.

23 ஏப்ரல் 2002 அன்று ஆல்பம் வெளியானது. ஓசியில் கேட்டவர்களே காசு கொடுத்தும் வாங்கினார்கள். பில்போர்டு பட்டியலில் 13-வது இடம். அதுவரை அந்தக் குழு தொடாத உயரம். விற்பனை 5 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. பிட்ச்ஃபோர்க் 10-க்கு 10 கொடுத்தது. வில்லேஜ் வாய்ஸ் நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் அந்த ஆண்டின் முதலிடம்.

வரவு மட்டும் எழுதினால் கணக்கு முடியாது. பல பாடல்களை ஜெஃப் ட்வீடியோடு சேர்ந்து எழுதிய ஜே பென்னட், ஆல்பம் வெளிவருமுன்பே குழுவிலிருந்து விலக்கப்பட்டார். அந்த மனக்கசப்பு சாம் ஜோன்ஸ் எடுத்த கறுப்பு வெள்ளை ஆவணப்படத்தில் பதிவாகியிருக்கிறது. 2009-ல், 45 வயதில் அவர் காலமானார். புகழ் எல்லோர் பேரேட்டிலும் ஒரே மாதிரி வரவாவதில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்கும் பாட்டு இரைச்சலாகத் தோன்றினால், உடனே நிறுத்தச் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு முறை கேளுங்கள். நமக்குச் செலவு ஒன்றுமில்லை. வேண்டாம் என்று அவசரப்பட்டவர்கள்தான் இருமுறை பணம் கட்டினார்கள்.