அல்பேனியா: கவிஞனின் வாசகமும் அரசின் ஆணையும்

ஒரு கவிதை, எழுதியவன் கையை விட்டுப் போனபின் என்னென்ன காரியங்களுக்கு ஆளாகக்கூடும் என்பதை அறிய அல்பேனியாவின் சரித்திரத்தைப் பார்க்கலாம். கேரளத்தைவிடச் சிறிய தேசம். சுன்னி முஸ்லிம்கள், பெக்தாஷி என்னும் சூஃபி மரபினர், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், கத்தோலிக்கர் என நான்கு சமூகங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக அண்டை அயலாக வாழ்ந்து வருகின்றன. பக்கத்து யூகோஸ்லாவியா 1990களில் மத, இன அடையாளங்களின் வழியே உடைந்து ரத்தம் சிந்தியபோதும் இங்கே மதத்தின் பேரால் அப்படி ஒன்று நிகழவில்லை. ஏன் என்று கேட்டால் வழக்கமாகக் கிடைக்கும் பதில், அல்பேனியர்களுக்கு மதம் ஒரு பொருட்டில்லை, தேசமே பெரிது என்பது. சாட்சிக்கு பாஷ்கோ வாசாவின் கவிதை அழைக்கப்படும். இந்தப் பதிலை அப்படியே ஏற்பதற்கில்லை.

வாசா (1825–1892) ஷ்கோடர் நகரத்துக் கத்தோலிக்கர். இளமையில் வெனிஸ் சென்று ஆஸ்திரியப் படைகளை எதிர்த்துப் போரிட்டவர். பின்பு ஒட்டோமான் அரசில் உத்தியோகம் ஏற்று, பாஷா பட்டம் பெற்று, 1883 முதல் லெபனானின் ஆளுநராக இருந்து, அங்கேயே இறந்தார். அந்தப் பதவி கிறிஸ்தவருக்கென்றே ஒதுக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. அல்பேனியாவை விளித்து அவர் எழுதிய கவிதை 1880ஐ ஒட்டியது. ஒட்டோமான் ஆட்சி ஜனங்களை மொழியால் அல்ல, மதத்தால் வகைப்படுத்தியது. முஸ்லிம் அல்பேனியன் துருக்கியனாகவும், ஆர்த்தடாக்ஸ் அல்பேனியன் கிரேக்கனாகவும் எண்ணப்பட்டார்கள். பள்ளிக்கூடங்களும் அவ்விதமே பிரிந்திருந்தன. பேசுகிற பாஷைக்குப் பதிவேட்டில் இடமில்லை. 1878 பெர்லின் மாநாட்டுக்குப் பின் அண்டை அரசுகள் அல்பேனியர் வாழும் நிலங்களைப் பங்கு கேட்டன. அந்த நெருக்கடியில்தான் வாசா மதப் பிரிவினைக்கு மேலாக அல்பேனியத்துவத்தை வைத்தார். அவர் தொழுகையை நிறுத்தச் சொல்லவில்லை. பதிவேட்டைத் திருத்தச் சொன்னார்.

அக்காலத்து மற்றவர்களின் காரியங்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அல்பேனிய மொழியை அரபு, கிரேக்க, லத்தீன் லிபிகளில் அவரவர் எழுதிவந்தார்கள். 1908 நவம்பரில் மொனாஸ்டிர் நகரில் (இன்றைய வடக்கு மாசிடோனியாவின் பிடோலா) கூடிய மாநாடு லத்தீன் லிபியை ஏற்றது. மாநாட்டுக்குத் தலைவர் மித்ஹத் ஃபிரஷெரி, பெக்தாஷிக் குடும்பத்தவர். எழுத்துக் குழுவின் தலைவர் ஜெர்ஜ் ஃபிஷ்டா, பிரான்சிஸ்கன் துறவி, கவிஞர். ஃபிஷ்டா அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. மித்ஹத்தின் சிற்றப்பா நயிம் ஃபிரஷெரி 1898ல் இரண்டு காவியங்களை வெளியிட்டார். ஒன்று, துருக்கியரை எதிர்த்த கிறிஸ்தவ வீரன் ஸ்கந்தர்பெக்கைப் பற்றியது. மற்றது கர்பலாவைப் பற்றியது. ஒன்றை எழுத அவர் மற்றதை மறக்க வேண்டியிருக்கவில்லை.

ஜனங்களின் அளவிலும் இதுவே நிலை. வடக்கு மலைகளில் முஸ்லிமும் கத்தோலிக்கனும் ஒரே வழக்காற்றுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள். அதன் மையம் 'பெஸா': கொடுத்த வாக்கு. வீட்டுக்குள் வந்தவன் உயிருக்கு வீட்டுக்காரன் பொறுப்பு. இதைப் புனிதமாக்கிவிடத் தேவையில்லை; அதே சட்டம்தான் பழிக்குப் பழியையும் விதித்தது. ஆனால் 1943 செப்டம்பரில் ஜெர்மானியர் வந்தபோது யூதர்களை மறைத்துக் காத்தவர்கள், முஸ்லிமும் கிறிஸ்தவனும், இந்த வாக்கின் பேரிலேயே காத்தார்கள். யுத்தம் முடிந்தபோது அல்பேனியாவில் இருந்த யூதர்களின் எண்ணிக்கை யுத்தத்துக்கு முன் இருந்ததைவிட அதிகம். கொசோவோவில் அப்படியில்லை. அங்கே 1944ல் அல்பேனியர்களைக் கொண்ட எஸ்.எஸ். படையே யூதர்களைப் பிடித்துக் கொடுத்தது. ஆக, தேசத்தின் பெயர் மட்டும் யாரையும் காப்பாற்றிவிடவில்லை.

1967 பிப்ரவரியில் என்வர் ஹோக்ஸா மதத்தின் மீது போர் தொடுத்தார். இளைஞர்கள் ஏவப்பட்டார்கள். சில மாதங்களில் 2,169 மசூதிகளும் தேவாலயங்களும் மடங்களும் மூடப்பட்டன. ஷ்கோடர் பேராலயம் விளையாட்டரங்கமாயிற்று. உலகின் முதல் நாத்திக தேசம் பிறந்துவிட்டதென்று அறிவித்தது ஓர் இலக்கிய மாத இதழ் என்பதை நம்மைப் போன்றவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் மேற்கோளாக எடுத்தாளப்பட்டது வாசாவின் கவிதை. துறவி ஃபிஷ்டாவின் எழுத்துக்களோ தடைசெய்யப்பட்டன. தனக்கு வேண்டிய வாசகத்தை வைத்துக்கொண்டு, அந்த வாசகம் எந்த வாழ்க்கையிலிருந்து வந்ததோ அதை அரசு அழித்தது. 1971ல் ஷ்டெஃபென் குர்ட்டி என்ற பாதிரியார், ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்ததற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். 1975ல் பொருந்தாத பெயர்களை மாற்றிக்கொள்ள ஆணை வந்தது. 1976 அரசியல் சட்டம் எந்த மதத்தையும் அங்கீகரிக்கவில்லை.

சகவாழ்வு என்று இதைச் சொல்வார்களானால், எல்லோரும் சமமாக இழந்தார்கள் என்பதுதான் அதன் பொருள். லாச் ஊரின் குன்றில் புனித அந்தோணியார் கோயில் ஒன்று உண்டு. முஸ்லிம்களும் வேண்டுதலோடு ஏறும் இடம். அரசு அதை இடித்தது. இடிபாட்டுக்கும் ஜனங்கள் ரகசியமாகப் போய்வந்தார்கள். தன் மதம் இருந்ததால்தான் அயலானின் புனிதனிடம் போகவும் அவர்களுக்கு வழி தெரிந்திருந்தது.

1990 நவம்பரில், தடை முழுதும் நீங்குமுன்பே, இருபத்தாறு வருஷம் சிறையிலிருந்த பாதிரியார் சிமோன் யுபானி ஷ்கோடர் கல்லறைத் தோட்டத்தில் பூசை நடத்தினார். முஸ்லிம்களும் வந்திருந்தார்கள். அதே மாதம் அதே ஊரில், தானும் சிறையிலிருந்து வந்த ஹாஃபிஸ் சப்ரி கோச்சி மசூதியில் தொழுகை நடத்தினார். மதத்தை மறந்தவர்கள் செய்யக்கூடிய காரியமல்ல இது. 1998ன் அரசியல் சட்டம் தேசத்துக்கு அதிகாரபூர்வ மதம் இல்லை, நம்பிக்கை விஷயத்தில் அரசு நடுநிலை வகிக்கும் என்று வறண்ட பாஷையில் சொல்கிறது. அரசுகள் இப்படி வறட்சியாகப் பேசுவதே நல்லது. வாசாவின் கவிதையை ஆணையாக அல்லாமல் கவிதையாக வாசிக்க அப்போதுதான் இடம் கிடைக்கிறது.