திமிங்கலம் போட்ட கியர்

ஆட்டோமேட்டிக் காரை ஜாக்கியில் தூக்கி, கியர் ஆயிலை வீட்டிலேயே மாற்றுகிறவர்கள் உண்டு. அடியில் போல்ட்டைக் கழற்றியதும் சிவப்பாக ஒழுகுமே... அந்த நிறம் வெறும் சாயம்தான். ஆனால், அதன் சரித்திரத்தில் நிஜமாகவே ரத்தம் உண்டு!

1939-ல் ஜெனரல் மோட்டார்ஸ் 'ஹைட்ரா-மேட்டிக்' கியர் பெட்டியை அறிமுகப்படுத்தியது. க்ளட்ச்சை மிதிக்க வேண்டாம். எண்ணெயின் அழுத்தமே கியர் மாற்றிவிடும். சரி, உள்ளே தட்டுகள் குலுங்காமல் ஒட்ட வேண்டுமே? கைகொடுத்தது ஸ்பெர்ம் திமிங்கலத்திலிருந்து எடுத்த எண்ணெய். உலோகத்தைவிட்டு லேசில் விலகாது.

1970-ல் அமெரிக்கா அந்தத் திமிங்கலத்தை அழியும் உயிரினங்கள் பட்டியலில் சேர்த்தது. கம்பெனிகள் தவித்தன. அவசரமாக வந்த மாற்று ஆயில் ஒன்று, கூலரையே அரித்தது! ஆனாலும், சில வருடங்களில் ரசாயனம் ஜெயித்தது. சட்டம் வந்த பிறகுதான் வழியும் பிறந்தது.

திமிங்கலம் தப்பித்துவிட்டது. மிச்சமிருப்பது நம்ம மண். கழிவு ஆயிலைக் குயிலாப்பாளையத்துச் செம்மண்ணில் ஊற்றினால் கறைகூடத் தெரியாது. கிணற்றுத் தண்ணீரில் தெரியும். கேனில் பிடித்து மெக்கானிக் ஷாப்பில் கொடுத்துவிடுங்களேன்!