சபையோர் பயின்ற நூல்கள்: ஒரு மதிப்பீடு

தமிழில் முதன்முதலாக அச்சேறிய நூல் யாது என வினவினால், மேல்வகுப்பு மாணவர் பலர் ‘தம்பிரான் வணக்கம், 1578’ என்று தயங்காது விடை பகர்வர். அந்நூல் யாருக்காக எழுதப்பெற்றது, எழுதப்பெற்ற நோக்கத்திற்கு எவ்வளவு பொருந்தியது என மேலும் வினவினால் மௌனமே விடையாகக் கிட்டும். ஆண்டினை அறிந்து நூலினை அறியாதிருத்தல் வரலாற்றறிவு ஆகாது.

கிறித்தவச் சபையோர் கூடிப் பயில்வதற்கென எழுதப்பெற்ற நூல்களைப் பற்றி நம்மிடையே இருவகை மனப்பான்மை உண்டு. ‘சமய நூல்தானே’ என ஒதுக்குவோர் ஒருசாரார். ‘முதல் நூலன்றோ’ எனப் போற்றுவதோடு அமைவோர் மற்றொரு சாரார். இரண்டும் மதிப்பீடு ஆகா. பயில்வோர்க்கு ஏற்ற மொழி, கருத்தை உணர்த்தும் முறை, பிறரை மதிக்கும் பண்பு என்னும் மூன்று அளவுகோல்களைக் கொண்டு இந்நூல்களுள் சிலவற்றை ஈண்டு நோக்குவோம்.

‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்களே உடைய சிறுநூல். அண்டிரிக்கு அடிகளார் எனத் தமிழர் வழங்கும் போர்ச்சுக்கீசியத் துறவியார் இதனைத் தமிழில் ஆக்கினார், கொல்லத்தில் அச்சிடப்பெற்றது. அடுத்த ஆண்டாகிய 1579இல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் 1530களில் கிறித்தவராயினர். மறையின் அடிப்படைகளைத் தம் மொழியில் கற்கும் வாய்ப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது. அத்தேவைக்கே இந்நூல்கள் பிறந்தன. ஆகவே இவற்றின் நடை புலவர் நடையன்று; பேச்சினை ஒட்டிய நடை. போர்ச்சுக்கீசியச் சொற்கள் பல தமிழெழுத்தில் அப்படியே இடம்பெற்றன. இலக்கணப் புலவர்க்கு இது குறையாகத் தோன்றலாம். ஆயினும், கடலுக்குச் சென்று மீளும் மக்கள் கேட்டு உணர வேண்டிய நூலுக்குப் பேச்சுநடை பொருத்தமானதே.

முறையை நோக்குமிடத்து மற்றொன்று புலனாகின்றது. ‘கிரிசித்தியானி வணக்கம்’ வினாவிடை வடிவில் அமைந்தது. ஆசிரியர் தொழில் புரிவோர் இவ்வடிவத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். எழுத்தறியார் பலர் ஒருங்கே கூடியிருக்க, ஒருவர் சொல்ல ஏனையோர் மனனம் செய்வதற்கு இதனினும் எளிய கருவி இல்லை. ஆனால் அங்கே எழும் வினா மாணவனுடையதன்று. விடையை எழுதிய கையே வினாவையும் எழுதியது. மாணவன் உள்ளத்தில் எழும் ஐயத்திற்கு அதில் இடமில்லை. நினைவில் நிறுத்துவதில் இம்முறை வல்லது. சிந்திக்கத் தூண்டுவதில் மெலிந்தது. நம் பள்ளிகளில் இன்றும் வழங்கும் வினாவிடைக் குறிப்புகளுக்கும் இத்தீர்ப்பு பொருந்தும் என்பதை நாம் மறத்தலாகாது.

ஒன்றரை நூற்றாண்டு கழித்து இக்குறையை வேறு வழியில் நிறைவு செய்தவர் வீரமாமுனிவர். ‘தேம்பாவணி’ பாடிய அப்பெரும்புலவர், அதன்பின் எளிய உரைநடையில் ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் நூலை இயற்றினார். ஈண்டு வேதியர் என்றது ஊர்தோறும் சென்று மறையைக் கற்பிக்கும் உபதேசிகளை. குருமார் சிலரே இருந்த அக்காலத்தில், சபைகளைத் தாங்கி நின்றவர்கள் இவர்களே. பிறருக்குப் போதிப்பவன் தான் முதலில் எவ்வாறு ஒழுகவேண்டும் என்பதே அந்நூலின் உயிர்க்கருத்து. கற்பிக்கும் பொருளை மட்டும் தராமல், கற்பிப்பவனையே உருவாக்க முனைந்தமையால் இதனைத் தமிழில் எழுந்த ஆசிரியப் பயிற்சி நூல்களுள் ஒன்று எனக் கருதுவதில் தவறில்லை. தெளிந்த உரைநடைக்கும் இது நல்ல சான்று.

மூன்றாம் அளவுகோல் கடுமையானது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர், 1713இல் ‘அக்கியானம்’ என்னும் சிறுநூலை அங்கு அச்சிட்டார். தமிழர்தம் வழிபாட்டினை இகழ்ந்துரைப்பது அது. அதே ஆண்டில் அவரே தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றிய செய்திகளைத் தமிழரிடமே கேட்டறிந்து, செருமானிய மொழியில் பெருநூல் ஒன்று எழுதினார். இகழும் நூல் உடனே அச்சேறியது. அறிய முயன்ற நூலோ 1867இல்தான் சென்னையில் அச்சு வடிவம் பெற்றது. எந்நூல் பரவியது என்பது நூலின் தகுதியைக் காட்டுவதன்று. பரப்பியவர் நோக்கத்தையே காட்டுவது என்பதற்கு இஃது ஏற்ற சான்று. பல சமயத்தார் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமரும் நம் நாட்டில் ஆசிரியர் இவ்வேறுபாட்டை நன்குணர்தல் வேண்டும். வீரமாமுனிவரும் தரங்கம்பாடியாரை மறுத்துக் கண்டன நூல்கள் எழுதினார். அவற்றைக் காட்டிலும் ‘வேதியர் ஒழுக்கமே’ நம் மதிப்புக்கு உரியதாக நிற்கின்றது.

இறுதியாக ஒரு நூல். ஆங்கிலேயரான சான் பனியன் சிறைவாழ்வின் துன்பங்களை நுகர்ந்து எழுதிய பயணக் கதையின் முதற்பகுதி 1678இல் வெளிவந்தது. அதனை ‘இரட்சணிய யாத்திரிகம்’ எனத் தமிழில் காப்பியமாக்கினார் எச். ஏ. கிருட்டிணபிள்ளை (1827–1900), அது 1894இல் நூல்வடிவம் பெற்றது. வைணவ குலத்தில் தோன்றிக் கம்பனில் தோய்ந்த அவர் கைபட்டதும், அயல்நாட்டுக் கதை தமிழ்க் காப்பிய மரபினுள் இயல்பாகப் புகுந்தது. ஆயினும், பனியன் எளியோர்க்கு எளிய மொழியில் எழுதினார். கிருட்டிணபிள்ளையோ கற்றோர்க்குரிய செய்யுளில் பாடினார். இலக்கியத் தகுதியால் உயர்ந்து நிற்கும் இக்காப்பியம், சபையோர் கூடிப் பயிலும் நூல் என்ற வகையில் உரையாசிரியர் துணையை நாடுகின்றது. ஒரு துறையில் சிறந்தது மற்றொரு துறைக்கு ஏலாமற் போதல் குற்றமன்று; அவ்வேறுபாட்டை உணராமல் தீர்ப்புக் கூறுவதே குற்றம்.

ஆகவே, ஒரு நூல் முந்தியது என்பதும் மிகப் பரவியது என்பதும் அதன் சிறப்புக்குப் போதிய சான்றாகா. பயில்வோர்க்கு விளங்கியதா, சிந்திக்க இடந்தந்ததா, அயலாரை இகழாது தன் கருத்தை உரைத்ததா என்று கேட்டல் வேண்டும். மாணவர்க்கு ஆண்டுகளைக் கற்பிக்கும் நாம், இம்மூன்று வினாக்களையும் உடன் கற்பிப்போமாயின், அவர்கள் தம் சமய நூலையும் பிறர் சமய நூலையும் ஒரே நேர்மையுடன் எடைபோடும் திறம் பெறுவர்.