மூலக்கூறு உறைகள்

மூலக்கூறு உறை என்பது, கரைசலில் உள்ள இரண்டோ பலவோ மூலக்கூறுகள் தாமாகவே கூடி, நடுவே ஒரு குழிவை விட்டு மூடிக்கொள்ளும் அமைப்பு. குழிவில் அடைபடுவது விருந்து மூலக்கூறு. ஹைட்ரஜன் பிணைப்பு, உலோக ஈதல் பிணைப்பு, நீர்வெறுப்பு விளைவு ஆகியவை உறையைச் சேர்த்துப் பிடிக்கின்றன. பெரும்பாலும் இவை மீளக்கூடியவை என்பதால் உறை திறந்து மூடும். மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் கனஎண்ணெயை உடைக்கும் சியோலைட் வினையூக்கியும் நுண்குழிவுகளில் மூலக்கூறுகளை ஏற்பதுதான். ஆனால் அது இறுகிய திண்மம், உறைகளோடு சேராது.

வரலாறு: திடக் குளோரின் என்று கருதப்பட்ட குளிர்ந்த படிகத்தில் நீரும் உண்டு என்று ஹம்ப்ரி டேவி 1811-இல் காட்டினார். ஒரு குளோரினுக்குப் பத்து நீர் மூலக்கூறுகள் என்று 1823-இல் ஃபாரடே கணக்கிட்டார். நீர் கூண்டாகி வாயுவை அடைத்திருக்கிறது என்பது எக்ஸ்-கதிர் ஆய்வுகள் வளர்ந்த பிறகே தெளிவாயிற்று. இத்தகைய கூண்டுச் சேர்மங்களுக்கு 1948-இல் பெயர் சூட்டியவர் எச். எம். பவல்.

டொனால்ட் கிராம் 1985-இல் அறிவித்த சிறைமூலக்கூறு வலிய சகப்பிணைப்புகளால் ஆனது. பிணைப்பை உடைக்காமல் விருந்து வெளியேறாது. பெடர்சன், லேன் ஆகியோருடன் 1987-இல் நோபல் பரிசு பெற்ற அவர், வெளியே நொடியும் நிலைக்காத சைக்ளோபியூட்டடையீனை 1991-இல் சிறைமூலக்கூறின் இளகிய வடிவம் ஒன்றுக்குள் அறை வெப்பநிலையில் காத்துவைத்தார். துறையின் மிக அழகிய சோதனை அதுவே.

தானே கூடும் உறைகளின் தொடக்கம் 1993. ஜூலியஸ் ரெபெக் குழு உருவாக்கிய 'டென்னிஸ் பந்து', ஒரே வகையான இரு வளைந்த மூலக்கூறுகள் எட்டு ஹைட்ரஜன் பிணைப்புகளால் பொருந்தியது. மீத்தேன் அதற்குள் அடங்கும். குழிவில் ஏறக்குறைய 55 விழுக்காட்டை விருந்து நிரப்பும்போது உறை நன்கு நிலைக்கும் என்பது 1998-இல் ரெபெக் தந்த விதி. மகோட்டோ ஃபுஜிட்டா 1995-இல் ஆறு பல்லேடியம் அயனிகளையும் நான்கு ஈந்தணைவிகளையும் கொண்டு கூடு அமைத்தார்.

இந்தியத் தொடர்பு: முன்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றியவரும் சியோலைட் குழிவுகளில் ஒளிவேதியியலை ஆராய்ந்தவருமான வைத்தியநாதன் ராமமூர்த்தி, நியூ ஆர்லியன்சில் புரூஸ் கிப்புடன் சேர்ந்து 2004-இல் 'ஆக்டா ஆசிட்' உறையைப் பயன்படுத்தினார். சற்றே காரமான நீரில் இரு கிண்ண மூலக்கூறுகள், நீரை வெறுக்கும் விருந்தைச் சுற்றி வாயோடு வாய் மூடும். உள்ளிருந்த டைபென்சைல் கீட்டோன்கள் ஒளிபட்டு உடைந்தபோது, துண்டுகள் விலகிப்போக வழியின்றித் தம் இணையோடே மீண்டும் சேர்ந்தன. சென்னை ஐ.ஐ.டி.யில் தில்லிப் குமார் சந்த், அறைகள் ஒட்டிய பல்லேடியக் கூடுகளில் எதிரயனிகளை அடைக்கும் ஆய்வை நடத்தி வருகிறார்.

மருந்தேற்றம், வினையூக்கம், மாசு பிரித்தல் ஆகியவற்றில் இன்று முயற்சிகள் உள்ளன; ஆலை அளவிலான பயன்பாடு குறைவு.