ஓயா நீரும் காந்த ஊசியும்

மலைநாட்டவராகிய நமக்கு மின்கோபுரங்கள் புதியன அல்ல. தேயிலைச் சரிவுகளையும் லயங்களையும் கடந்து அவை கொழும்பு நோக்கிச் செல்லுகின்றன. அக்கம்பிகளில் ஓடும் சக்தி நம் ஓயாக்களில் பிறப்பது. ஆயின் நீர் எவ்வாறு மின்னாகிறது? அதன் வரலாறு யாது?

1820 வரை மின்சாரம் வேறு, காந்தம் வேறு என்றே அறிஞர் பெரும்பாலோர் கருதினர். அவ்வாண்டிலே டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் ஏர்ஸ்டெட் என்னும் பேராசிரியர், மின்னோட்டம் பாயும் கம்பியருகே திசைகாட்டி ஊசி திரும்பக் கண்டார். மின்னோட்டம் தன்னைச் சுற்றிக் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது என்பது விளங்கிற்று. அங்ஙனமாயின், காந்தம் மின்னை உண்டாக்காதோ? கொல்லர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பயின்ற மைக்கேல் பரடே, 1831இல் இலண்டனில் இதற்கு விடை கண்டார். கம்பிச் சுருளுக்குள் காந்தம் அசையாது கிடந்தால் யாதும் நிகழாது. அதனை நுழைக்கும்போதும் எடுக்கும்போதும் மின் பாயும். அசைவே இதன் இரகசியம்.

அவ்வசைவைத் தருவது நம் மலை நீர். உயரத்திலிருந்து குழாய்வழி பாயும் நீர் சுழலியைச் சுழற்ற, அதனோடு இணைந்த மின்காந்தம் கம்பிச் சுருள்களின் நடுவே சுழல்கிறது. மின்காந்தத்துக்கு வலிமை தருவது ஏர்ஸ்டெட் கண்ட விதி. சுருளில் மின்னைப் பிறப்பிப்பது பரடே கண்ட விதி. ஓரியந்திரத்துள் இரண்டும் கூடித் தொழில் புரிகின்றன.

தேயிலை ஸ்டோர்கள் பலவற்றுக்குச் சிற்றோடை நீரே முன்பு சக்தி தந்தது. நுவரெலியா நகருக்கு 1912இல் பிளக்பூல் நிலையம் மின் வழங்கிற்று. அதன் பணியில் ஈடுபட்ட பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, கெஹல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா ஆகியவற்றின் நீர்வலிமை நாட்டுக்கே பயன்படும் என 1918இல் எடுத்துரைத்தார். வேலை தொடங்கித் தடைப்பட்டு, 1950இலேதான் லக்ஸபான நிலையம் இயங்கியது. அதனைக் கண்ட பின்னரே, 1953இல், அவர் மறைந்தார். காசல்ரீ நீரால் 1965இல் இயங்கத் தொடங்கிய நிலையம் அவர் பெயரைத் தாங்குகிறது.

இவ்வொளிக்கு மலைநாடு விலையும் கொடுத்தது. 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கம் நிறைந்தபோது பழைய மஸ்கெலியா நகர் மூழ்கிற்று. நீர் வற்றுங் காலங்களில் அங்கிருந்த கோயில் இன்றும் வெளிப்படுகிறது. ஆயினும் மின் முதலிற் சென்றது நகரங்களுக்கும் ஆலைகளுக்குமே. அது பிறந்த மலையில், லயங்கள் பலவற்றில், பின்னும் பல்லாண்டு குப்பி விளக்கே எரிந்தது. அப்புகையிலிருந்து படித்து மேலே வந்தோர் நம்மிடையே பலர்.

வாலிபர்களே! ஏர்ஸ்டெட்டின் உண்மையைக் காணப் பேராய்வுகூடம் வேண்டாம். டோர்ச் பற்றரியும், ஒரு முழக் கம்பியும், திசைகாட்டியும் போதும்; தோட்டப் பாடசாலையிலும் இதனைச் செய்து காட்டலாம். கம்பி செல்லும் வழியைப் பார்த்து நிற்றல் போதாது. அதனுள் ஓடுவது யாதென நம் பிள்ளைகள் கற்கட்டும். நம் ஆறுகள் இயக்கும் நிலையங்களில் பொறியியலாளராய் நிற்கும் தகுதியை அவர்கள் பெறுமாறு துணைநிற்றல் நம் கடன்.